களத்தில் இல்லாத கோணல்
(தென்காசியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தென்காசியினின்று குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் இருக்கின்றது. இவ்வவையில் அமர்ந்திருப்போருள் பலர் அதனை நாள்தோறும் கடந்து செல்பவர்கள். குற்றாலக் குறவஞ்சியை யாத்த திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் தலைவி வசந்தவல்லி திருக்குற்றாலநாதரின் உலாவைக் கண்டு உள்ளம் இழப்பதற்கு முன்னர் என்ன செய்துகொண்டிருக்கின்றாள்? பூத்தொடுக்கவில்லை, யாழ் மீட்டவில்லை. பந்தடித்துக்கொண்டிருக்கின்றாள். அவளுடைய கையின் விரைவும் காலின் விரைவும் பாட்டின் ஓசையிலேயே துள்ளும்படி புலவர் அப்பகுதியைப் பாடியிருக்கின்றார். படித்தவர்கள் அறிவார்கள், படியாதவர்கள் இன்றே எடுத்துப் படிக்கலாம்.

ஊரார் நடமாடும் தெருவில் ஓர் இளம்பெண் உடல் வியர்க்கப் பந்தாடுவதை அப்புலவர் குறையாகக் கருதவில்லை. அதே நூலில் ஒரு மலைக்குறத்தி வருகின்றாள். அவள் கைகட்டி நிற்பவளாக வரவில்லை. தன் மலையின் வளத்தை நிமிர்ந்த தலையோடு எடுத்துரைப்பவளாக வருகின்றாள். பின்னர்த் தலைவியின் கையைத் தன் கையிற் பற்றிக் குறி சொல்கின்றாள். மேல்குடிப் பெண்ணின் கையைக் குறத்தி தொடுகின்றாள். அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை.

நூலில் இருந்ததெல்லாம் ஊரிலும் இருந்தது என்று கொள்வது பேதைமை. அந்நூல் பாடப்பெற்ற நாளிலேயே குறவர் குடியினர் ஊர்க்கோடியிலேதான் இருந்திருப்பர். பந்தாடிய வசந்தவல்லியைப் போற்றிய ஊர், தன் வீட்டுப் பெண் பருவம் எய்தியதும் கதவை அடைத்துத்தான் இருக்கும். பாட்டிலே பெண் ஆடலாம், பாட்டிலே குறத்தி நிமிரலாம் என்று விட்டுவிட்டு, வாழ்க்கையில் இரண்டையும் மறுத்த குமுகாயம் இது. இன்றைய பேச்சுப் பொருள் இந்த இடைவெளியைப் பற்றியது.

விளையாட்டை நம் முன்னோர் சிறுபிள்ளைச் செயலென்று ஒதுக்கியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்களாக நான்கினைக் கூறுகின்றார். செல்வம், அறிவுப்புலன், காதற்கூட்டம் ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒருங்கே வைக்கின்றார். செல்வத்தால் வரும் மகிழ்ச்சிக்கும் விளையாட்டால் வரும் மகிழ்ச்சிக்கும் ஒரே வரிசை! இம்மாவட்டத்துச் சங்கரன்கோயிலில் 1902-ஆம் ஆண்டு பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், வேர்ச்சொல்லாய்வுக்கென்றே வாழ்ந்தவர் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். அவர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்றொரு நூலும் எழுதினார். கோலி, சில்லாங்குச்சு, சடுகுடு எனச் சிறுவரும் சிறுமியரும் இளைஞரும் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்து, ஆடும் முறையையும் பெயர்க் கரணியத்தையும் விளக்கினார். புழுதியில் ஆடும் பிள்ளைகளிடம் சொல்லும் வரலாறும் இருக்கின்றன என்று கண்ட பேரறிஞர் அவர். இந்நூலைப் பாவாணரின் பிற நூல்களோடு ஒப்பச் சிலரே படிக்கின்றனர் என்பது வருந்தத் தக்கது.

அவ்வாட்டங்களுள் சடுகுடுவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் செல்கின்றான். எதற்காக? தொடுவதற்காக. தொட்டுவிட்டு மீண்டால் வெற்றி. எதிரணியினர் அவனைப் பிடிக்கின்றனர், காலைப் பற்றுகின்றனர், இடுப்பைக் கட்டுகின்றனர், ஒருவர் மேல் ஒருவர் விழுகின்றனர். ஒருவன் வியர்வை மற்றவன் உடலில் ஒட்டாமல் இவ்வாட்டத்தை ஆடவே முடியாது. தீண்டாமை என்னும் கொடுமையை நூற்றாண்டுக் கணக்கில் பேணிய நிலத்தில், தீண்டுதலையே சட்டமாகக் கொண்ட ஆட்டம் தழைத்திருக்கின்றது! இதனை எண்ணி வியப்பதா, வெட்குவதா? ஆடுகோட்டுக்குள் கட்டிப் புரண்ட இருவர், ஆட்டம் முடிந்ததும் ஒருவன் தேநீர்க் கடையின் உள்ளும் மற்றவன் புறத்தும் நின்ற காலம் தென்பாண்டி நாட்டில் மிகத் தொலைவில் இல்லை. கடைகளில் இருவேறு குவளைகள் வைத்திருந்ததைப் பார்த்த கண்கள் இவ்வவையிலேயே இருக்கும்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன் என்னும் சடுகுடு ஆட்டக்காரர், 1994-இல் சப்பானின் இரோசிமாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பொற்பதக்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அடுத்து அருச்சுனா விருதும் பெற்றார். தொண்ணூறுகளில் தென்மாவட்டங்கள் குலச்சண்டையால் எரிந்துகொண்டிருந்ததை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்த நெருப்பினூடே ஓர் இளைஞன் களத்துக்குச் சென்று மீள்வதே பெரும்பாடு. அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2025-இல் ஒரு திரைப்படமும் வந்தது. திரைப்படங்களைப் பற்றி இம்மேடையில் நல்ல சொல் கூறுவது வழக்கமன்று; இதற்கு மட்டும் விலக்களிக்கலாம்.

மராட்டிய நாட்டில் இதற்கு நூறாண்டு முந்திய சான்று உண்டு. பல்வங்கர் பாலு என்பவர் தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த மட்டைப்பந்து வீச்சாளர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரரை வீழ்த்தினார். புனேயில் அவர் ஆடிய நாள்களில், அவர் வீசும் பந்தை உடனாடுவோர் கையால் வாங்கிக்கொண்டனர். தேநீரை மட்டும் அவருக்குக் களத்துக்குப் புறத்தே மட்கலத்தில் ஊற்றினர். பந்தில் ஒட்டாத தீட்டு குவளையில் எவ்வாறு ஒட்டிற்று என்று அவர்களுள் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அணித்தலைமை அவருக்குத் தகுதியிருந்தும் மறுக்கப்பட்டது. பின்னர் 1923-இல் அவர் தம்பி விட்டல் அத்தலைமையைப் பெற்றார்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஆடுகளம் நேரானது. அங்கே கோடு உண்டு, காலக்கருவி உண்டு, கோட்டை முதலில் தொட்டவன் வென்றவன். கோணல் இருப்பது களத்துக்குப் போகும் வழியிலும் களத்திலிருந்து திரும்பும் வழியிலும்தான். குற்றாலப் பேரருவி எவர் தலையிலும் ஒப்பவே விழுகின்றது என்று பாடிவிடுவது எளிது. அருவி குலம் கேட்டதில்லை, உண்மை. அருவிக்குப் போகும் பாதையில் நின்றுகொண்டு கேட்பவன் மாந்தன்.

இனி, இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வரலாம். அது ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி என்னும் சிற்றூரில் 1981-ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தி சவுந்தரராசன். பெற்றோர் செங்கற்சூளைக் கூலியாளர், பட்டியலினக் குடும்பம், பிள்ளைகள் ஐவருள் மூத்தவர் இவர். வீடு ஒரு குடிசை. இவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் பள்ளி ஆசிரியரல்லர், பயிற்றுநரல்லர், இவருடைய பாட்டனார். குடிசைக்கு வெளியே இருந்த வெற்றுநிலந்தான் ஓடுகளம். காலணி வாங்கிக் கொடுத்தவரும் அப்பாட்டனாரே. பேர்த்தி ஓடுவாள் என்று ஒரு முதியவர் கண்டறிந்தார். அவருக்கு வேறெந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

ஓட்டம் அவரை உயர்த்திற்று. 2005-இல் தடைதாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் இந்திய அளவில் புதிய எல்லைக்குறி படைத்தார். அதே ஆண்டு கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். 2006 திசம்பரில் கத்தார் நாட்டுத் தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டர் ஓட்டத்தில் பகரைன் நாட்டு மரியம் யூசுப்பு சமால் முதலில் வந்தார். சாந்தி 2 நிமையம் 3.16 நொடியில் இரண்டாவதாக வந்தார். சூளையில் பச்சைக்கல் அடுக்கிய கை வெள்ளிப் பதக்கத்தை ஏந்திற்று.

பதக்கம் ஏந்திய சில நாள்களுக்குள் அவர் உடலை ஆராய்ந்தனர். பெண்பால் என்பதற்கு அமைப்பினர் வைத்திருந்த அளவுகோலோடு அவருடைய உடலமைப்பு ஒத்துவரவில்லை என்றனர். பதக்கம் பறிக்கப்பட்டது. ஆய்வின் முழு விவரம் வெளியாகவில்லை. ஆனால் ஆய்வில் ‘தோற்றார்’ என்னும் செய்தி உலகம் முழுதும் பரவிவிட்டது. மருத்துவர்க்கும் அப்பெண்ணுக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டிய செய்தி, தொலைக்காட்சியிலும் தெருமுனையிலும் பேச்சாயிற்று.

இங்கே சிலவற்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் ஊக்கமருந்து உட்கொண்டதாகக் குற்றச்சாட்டே இல்லை. பிறர் ஓடிய வழியை மறித்ததாகக் குற்றச்சாட்டில்லை. பிறந்த நாள்முதல் பெண்ணாக வளர்க்கப்பட்டு, பெண்ணாக வாழ்ந்து, பெண்ணாக ஓடியவர். தாம் பிறந்த உடலோடு ஓடினார், அதுவே குற்றம். உயரமாகப் பிறந்தவன் கூடைப்பந்தில் வெல்கின்றான். அவனுடைய எலும்பை அளந்து பதக்கம் பறிப்பாரில்லை. நீண்ட கையோடு பிறந்தவன் நீச்சலில் வெல்கின்றான்; அதனை இயற்கையின் கொடை என்கின்றனர். பெண்ணின் உடலில் மட்டும் இயற்கை சிறிது மாறியமைந்தால் அது ஏமாற்று ஆகிவிடுகின்றது.

பெண்கள் பிரிவில் நேர்மையான போட்டி வேண்டும் என்போர் கூற்றில் பொருளே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பெண்களுக்கெனத் தனிப்பிரிவு இல்லையெனில் பெண்கள் களத்திலேயே நிற்க முடியாமற் போகும். அப்பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டுமென்று பெண் ஆட்டக்காரரே பலர் கேட்கின்றனர். எல்லை எங்கே என்பதில் அறிஞர் கருத்து இன்றும் ஒன்றுபடவில்லை. ஆனால் எல்லையை வகுப்பது வேறு. ஒரு பெண்ணை ஊரறிய இழிவுபடுத்துவது வேறு. முன்னதற்கு அறிவு வேண்டும். பின்னதற்குத் தப்பெண்ணம் ஒன்றே போதும்.

எவரை ஆய்வுக்கு அழைத்தார்கள் என்பதையும் நோக்குக. எல்லாப் பெண்களையும் கட்டாயமாக ஆராயும் முறையை ஒலிம்பிக்குக் குழு 1999-இலேயே கைவிட்டிருந்தது. அதன்பின் ஐயத்துக்குரியவர் என்று கருதப்பட்டோரையே அழைத்தனர். ஐயம் எங்கே பிறக்கின்றது? கண்ணில் பிறக்கின்றது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும், இவ்வளவு தோள், இவ்வளவு குரல், இவ்வளவு மென்மை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்ட கண்ணில் பிறக்கின்றது. வெயிலில் கல் சுமந்து வளர்ந்த பெண்ணின் தோள் அந்தக் கண்ணுக்கு எப்படித் தோன்றும்?

இது சாந்தி ஒருவரின் கதையன்று. இசுப்பானிய நாட்டு மரியா ஓசே மார்த்தினெசு பாத்தினியோ என்னும் தடைதாண்டும் ஓட்டப்பெண், 1985-இல் சப்பானின் கோபே நகரில் இதே போன்ற ஆய்வுக்கு ஆளானார். காலில் அடிபட்டதாக நடித்து விலகிக்கொள்ளும்படி அறிவுறுத்தினர். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஓடியபோது செய்தி வெளிப்பட்டது. பதக்கமும் நண்பரும் போயினர். அவர் ஓயாமல் வாதாடி 1988-இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். ஒரிசாவின் தூத்தி சந்து 2014-இல் பதினெட்டு அகவையில் ஒதுக்கப்பட்டார். உடலில் ஊறும் சுரப்புநீரின் அளவு மிகுதி என்பது கரணியம். அவருக்கு அரசின் துணையும் வழக்கறிஞர் துணையும் கிடைத்தன. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றார். 2015 சூலையில் மன்றம் அந்நெறியையே நிறுத்திவைத்தது. 2018-இல் சகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வென்றார். தென்னாப்பிரிக்காவின் காசுட்டர் செமன்யாவின் வழக்கோ 2009 முதல் நீண்டுகொண்டே சென்றது. 2025 சூலையில் ஐரோப்பிய மாந்த உரிமை மன்றம், அவருடைய முறையீடு சுவிட்சர்லாந்து மன்றத்தில் முறையாகக் கேட்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகப் போட்டிக்கு வரும் அனைவருக்கும் மரபணு ஆய்வைக் கட்டாயமாக்கிற்று. போன கட்டாயம் திரும்பிவந்துவிட்டது.

தூத்திக்குக் கிடைத்த துணை 2006-இல் சாந்திக்கு ஏன் கிடைக்கவில்லை? அவருக்காக மேல்முறையீடு செய்வார் ஒருவருமில்லை. அலுவலர் எவரும் உடன் நின்று வாதாடவில்லை. எட்டாண்டு இடைவெளியில் உலகம் சிறிது கற்றுக்கொண்டது என்பது ஒரு விடை. சூளைக்காரர் மகளுக்காக எவர் வழக்கறிஞரைத் தேடுவார் என்பது மற்றொரு விடை. இரண்டும் உண்மை.

நன்றி மறவாமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி, பதக்கம் போன பின்னும் 15 இலக்கம் உருபா பரிசையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சாந்திக்கு வழங்கினார். ஓடியது ஓடியதுதான் என்று ஓர் அரசு சொன்னது. அது சிறிய செய்தியன்று. ஆனால் பரிசு ஒருநாள் நிகழ்ச்சி. ஊரின் பார்வை ஒவ்வொரு நாளும் நிகழ்வது. அப்பார்வையைத் தாங்க மாட்டாமல் 2007-இல் அவர் தம் உயிரையே போக்கிக்கொள்ள முனைந்தார், பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவர் என்ன செய்தார்? தம்மைத் துரத்திய களத்துக்கே திரும்பினார். ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி ஓட்டம் பயிற்றினார். அவர் மாணவர் சென்னை நெடுந்தொலை ஓட்டத்தில் பரிசு பெற்றனர். ஒப்பந்தப் பயிற்றுநர் பணி அவருக்குக் கிடைத்தது; சம்பளம் போதாமல் அதுவும் நின்றது. 2012-இல் ஆசியப் போட்டியில் ஓடிய அதே பெண் நாளொன்றுக்கு 200 உருபாவுக்குச் செங்கற்சூளையில் கல் சுமக்கும் செய்தி வந்தது. அதன்பிறகே பலர் கண்விழித்தனர். 2013-இல் பெங்களூரில் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். பட்டியலினத்தோர் ஆணையத்திலும் முறையிட்டார். 2016-இல் தமிழ்நாட்டு அரசு அவருக்கு நிலையான பயிற்றுநர் பணி வழங்கிற்று. பத்தாண்டு!

இத்தகையவரைப் பற்றிப் பேசும் மேடைகளில் ‘என்னே அவருடைய நெஞ்சுரம்!’ என்று வியந்து கைதட்டி அமர்வது வழக்கமாகிவிட்டது. நெஞ்சுரம் பெரிதுதான், எவரும் மறுக்கவில்லை. ஆனால் அடித்தவன், அடிபட்டவனின் பொறுமையைப் புகழ்வது போன்றது அப்புகழ்ச்சி. பல்வங்கர் பாலுவுக்கு உள்ளுரம் இருந்தது என்பதால் மட்கலம் நேர்மையாகிவிடுமா? சாந்தி தாங்கிக்கொண்டார் என்பதால் அவர் தாங்க வேண்டியிருந்தது சரியாகிவிடுமா? ஒடுக்கப்பட்டவரிடம் மட்டும் இரும்பு நெஞ்சை எதிர்பார்ப்பதும் ஒருவகைத் தப்பெண்ணமே. மேல்குடிப் பிள்ளை ஓடுவதற்குக் காலும் மூச்சும் இருந்தால் போதும்; ஏழைப் பெண் ஓடுவதற்கு அவற்றோடு இழிவைப் பொறுக்கும் நெஞ்சும் வேண்டும் என்பது எந்த ஊர் முறை?

அவருடைய உள்ளுரம் இழிவைப் பொறுத்துக்கொண்டதில் இருப்பதாகத் தோன்றவில்லை. பொறுக்க முடியாமல்தானே சாவை நாடினார்! ஓட்டத்தின்மேல் வைத்த அன்பை அவரிடமிருந்து எவராலும் பறிக்க முடியவில்லை. உரம் இருந்தது அங்கே. பதக்கத்தைப் பறித்தார்கள், பெயரைப் பறித்தார்கள், சோற்றையும் பறித்தார்கள். விடியலில் எழுந்து பிள்ளைகளைத் திடலுக்கு ஓட்டிச்செல்லும் ஆர்வத்தைப் பறிக்கும் ஆய்வுமுறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தொல்காப்பியர் விளையாட்டை உவகையின் ஊற்றாக வைத்தார் என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. அவ்வூற்று எத்துணை ஆழமானது என்பதற்குக் கத்தக்குறிச்சிப் பெண் ஓர் உரை எழுதியிருக்கின்றார், ஏட்டில் அன்று.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்துப் பள்ளிகளில் ஓடக்கூடிய பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பர்! எட்டாம் வகுப்புவரை ஓடிய சிறுமி ஒன்பதாம் வகுப்பில் திடலின் ஓரத்தில் நிற்கின்றாள். கேட்டால் ‘வீட்டில் வேண்டாம் என்கின்றார்கள்’ என்று நிலம் நோக்குகின்றாள். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையே கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகின்றது. சற்றே உயரமும் தடித்த குரலும் உள்ள சிறுமியைப் ‘பையன்’ என்று உடன்படிக்கும் பிள்ளைகள் அழைக்கின்றனர். ஆசிரியரும் கேட்டுச் சிரித்துவிடுகின்றனர். தோகாவில் நிகழ்ந்தது அந்தச் சிரிப்பிலேதான் தொடங்குகின்றது. தலைமை ஆசிரியர்கள் சிலர் இவ்வவைக்கு வந்திருக்கின்றனர். திங்களுக்கு ஒருநாளேனும் பெற்றோரைத் திடலுக்கே வரவழைத்து, தம் பெண்பிள்ளை ஓடுவதைக் காணச்செய்யலாம். அப்பிள்ளைகளின் பாட்டன்மாரையும் அழைக்கலாம்.

சாந்தி சவுந்தரராசன் தம் பதக்கத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று பல்லாண்டு கேட்டு வந்திருக்கின்றார். அது திரும்பவில்லை. 2 நிமையம் 3.16 நொடி என்று அன்று காலக்கருவி காட்டியதை மட்டும் ஒருவரும் பொய்யென்று கூறவில்லை.